ஆளில்லாக் கடையின் ஆள்

அமெரிக்காவில் சிறுதொழில் விற்பனைக்கென்று வரும் விளம்பரங்களில் ஒரு வகை ஏறக்குறைய மாறாத வாசகத்தில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வெண்டிங் மெஷின்கள், எல்லாம் நல்ல இடங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன, வாரத்துக்குச் சில மணி நேர வேலை, ரொக்க வியாபாரம், உரிமையாளர் ஓய்வு பெறுவதால் விற்கிறார். வாங்க வருபவர் பெரும்பாலும் வேறொரு வேலையில் இருப்பவர். சம்பளத்துக்கு வெளியே, தான் தூங்கும் நேரத்திலும் நாலு காசு வர வேண்டும் என்று நினைப்பவர். நள்ளிரவில் ஏதோ ஒரு தொழிற்சாலை ஓய்வறையில் யாரோ ஒருவர் காசு போட்டு ஒரு பொட்டலம் சிப்ஸ் எடுக்கிறார். அந்தக் காசு நமக்கு. கடைக்கு வாடகை கிடையாது, வேலையாள் கிடையாது, வாடிக்கையாளரின் முகம்கூடத் தெரியாது. உழைக்காமல் சம்பாதிக்கும் ஆசைக்கு இதைவிடச் சுத்தமான வடிவம் கிடைப்பது கஷ்டம்.

இப்படிக் கைமாறும் மெஷின் வரிசையை அங்கே ரூட் என்கிறார்கள். நம்மூரில் பேப்பர் லைன், பால் லைன், கேன் தண்ணீர் லைன் என்று கைமாறுவதும் இதே சரக்குதான் என்பதால் நானும் லைன் என்றே எழுதுகிறேன். இருநூறு வீட்டுக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தவர் தொழிலை விடும்போது, வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி லைனை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போவார். அந்த வீடுகள் அவருடையவை அல்ல, பத்திரிகையும் அவருடையது அல்ல, தெருவும் அல்ல. அப்படியானால் அவர் விற்றது எதை? வெண்டிங் மெஷின் லைனில் இந்தக் கேள்வி சட்டென்று எழாது. அங்கேதான் தொட்டுப் பார்க்க இரும்புப் பெட்டிகள் இருக்கின்றனவே.

அந்தப் பெட்டியை முதலில் திறந்து பார்ப்போம். பழைய சிப்ஸ் மெஷினின் கதவைத் திறந்தால், தட்டுத் தட்டாகக் கம்பிச் சுருள்கள். ஒவ்வொரு சுருளும் ஒரு சின்ன மோட்டாரில் மாட்டியிருக்கும். பொத்தானை அழுத்தினால் சுருள் ஒரு சுற்று சுற்றும். முன்னால் நிற்கும் பொட்டலம் கீழே விழும். சுருளின் வளையங்களுக்கு இடையே உள்ள அகலமும் பொட்டலத்தின் தடிமனும் ஒத்துப்போக வேண்டும். கம்பெனிக்காரன் பையில் கொஞ்சம் காற்றைக் கூட்டி அடைத்தால் போதும், பொட்டலம் விழாமல் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும். கதவின் உள்பக்கம் நாணயம் வாங்கும் பொறி. அதில் 25 சென்ட், 10 சென்ட், 5 சென்ட் என்று தனித்தனிக் குழாய்கள். மீதிச் சில்லறை தருவது இவைதான். குழாய் காலியானால் வியாபாரமும் தடுமாறும். குளிர்பான மெஷினாக இருந்தால் அடியில் கம்ப்ரஸர். அதன் முன்னால் உள்ள கண்டென்சரில் வருடக்கணக்கான தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தால், பழைய முதலாளி எப்படிப்பட்டவர் என்பதை அவரே சொல்ல வேண்டியதில்லை. காலிப் பெட்டியே 300 கிலோவைத் தொடும். அதை நகர்த்தக் கூலியும் லிஃப்ட் வைத்த வண்டியும் வேண்டும். சில சமயம் மெஷினை வாங்கிய விலையில் கணிசமான பங்கு இந்த நகர்த்தலுக்கே போய்விடும்.

ஆனால் தனியாக ஒரு கிடங்கில் நிற்கும் இந்தப் பெட்டிக்கு மதிப்பு சொற்பம். இடத்தில் நின்றால்தான் அது கடை, இல்லையென்றால் இரும்பு. தொழிலின் ஆதி வரலாறே இதைச் சொல்கிறது. காசு போட்டால் பொருள் தரும் கருவியைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்ஸாண்டிரியாவின் ஹெரோன். காசு ஒரு நெம்புகோலின் நுனியில் விழும். அதன் எடையில் அடைப்பான் திறந்து கொஞ்சம் புனித நீர் வரும். நெம்புகோல் சாய்ந்து காசு வழுக்கியதும் அடைப்பான் மூடிக்கொள்ளும். அது கோயிலுக்கென்று யோசிக்கப்பட்ட கருவி. பொறியியலை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், ஹெரோன் தேர்ந்தது அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த இடம்: கூட்டம் தானாக வரும், வருபவருக்குத் தேவை உண்டு, பேரம் பேச மனம் வராது. 1880களில் லண்டனில் அஞ்சலட்டை விற்ற மெஷின்கள் ரயில் நிலையங்களில் நின்றன. 1888இல் தாமஸ் ஆடம்ஸின் கம்பெனி சூயிங்கம் மெஷின்களை நிறுத்தியது நியூயார்க்கின் உயர்பாதை ரயில் நடைமேடைகளில். ரயிலுக்குக் காத்திருப்பவனின் வாயும் கையும் சும்மா இருக்கின்றன என்பதுதான் அங்கே முதலீடு.

இடம்தான் சொத்து என்பதைத் தனியார் மட்டுமல்ல, அரசும் கண்டுகொண்டது. 1936இல் அமெரிக்காவில் ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டம் வந்தது. மத்திய அரசுக் கட்டடங்களில் சிற்றுண்டிக் கடை நடத்தும் உரிமையில் பார்வையற்றவர்களுக்கு முன்னுரிமை தந்த சட்டம் அது. பொருளாதார மந்தத்தின் நடுவில் அவர்களுக்கு ஒரு பிழைப்பு என்பது நோக்கம். அரசு அவர்களுக்குத் தந்தது பிரதானமாக ஒரு மூலை, அந்த மூலையில் நிற்க ஓர் அனுமதி. பிறகு வெண்டிங் மெஷின்கள் பெருகி, அதே கட்டடங்களில் அந்தக் கடைகளுக்குப் போட்டியாக நின்றன. 1974இல் சட்டத்தைத் திருத்தி, அப்படிப்பட்ட மெஷின்களின் வருமானத்திலும் ஒரு பகுதி அவர்களுக்குப் போகும்படி செய்தார்கள். மெஷின் யாருடையதாக இருந்தாலும், நிற்கும் இடத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பதுதான் அந்தத் திருத்தத்தின் உட்பொருள்.

தனியார் இடங்களிலும் இதுவே நடைமுறை. விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு என்று கட்டடக்காரருக்குக் கமிஷன் போகும். சில இடங்களில் கமிஷனே கேட்கமாட்டார்கள். தொழிலாளர்களுக்கு ஒரு வசதியாக இருக்கட்டும் என்று விடுவார்கள். ஆனால் சிறு லைன்களில் இந்த ஏற்பாடு பல நேரம் வாய்ப்பேச்சில்தான் நிற்கும். பழுதுபார்க்கும் பட்டறையின் மேலாளரும் மெஷின்காரரும் பத்து வருடப் பழக்கம், எழுத்தில் ஒன்றுமில்லை. எழுத்தில் இருந்தாலும், முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுத்து எடுக்கச் சொல்லலாம் என்று ஒரு வரி இருக்கும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா என்பது பற்றி எதுவும் இருக்காது. ஆக, லைனை வாங்குகிறவர் காசு கொடுப்பது ஓர் அறிமுகத்துக்கு. அந்த அறிமுகத்தை மேலாளர் ஏற்றுக்கொள்ளலாம், நாளைக்கே மறந்தும் போகலாம். அவர் மாறுதலாகிப் போனால், புதிதாக வருபவர் தன் மைத்துனரின் மெஷின்களைக் கொண்டுவந்து வைக்கவும் கூடும்.

அப்படியென்றால் அந்த அறிமுகத்துக்கு எப்படி விலை போடுவது? கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான். இங்கேதான் தொழில் ஒரு விசித்திரமான ஒழுக்கச் சிக்கலுக்குள் வருகிறது. காசு வியாபாரம் என்பதால் எல்லா வருமானமும் வரிக்கணக்கில் ஏறுவதில்லை. விற்பவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “கணக்கில் காட்டியது இவ்வளவுதான், உண்மையில் வருவது இதைவிட ஒன்றரை மடங்கு.” அரசாங்கத்திடம் பொய் சொல்லியிருக்கிறேன், ஆகையால் உங்களிடம் சொல்வது நிஜம் என்று நம்புங்கள் என்பதுதான் இதன் சாரம். வரியில் மிச்சம் பிடித்த காசுக்கே இன்னொரு தடவை விலை கேட்கிறார். அனுபவஸ்தர்கள் இந்தப் பேச்சுக்கு மயங்குவதில்லை. புத்தகத்தில் இல்லாத வருமானத்துக்கு ஒரு சென்ட்கூடத் தரமாட்டேன் என்பார்கள். நல்ல வேளையாகப் பல மெஷின்களுக்குள் அழிக்க முடியாத ஒரு மீட்டர் உண்டு. பிறந்ததிலிருந்து எவ்வளவு விற்றது என்ற எண் அதில் இருக்கும். இன்று ஒரு தடவை, நான்கு வாரம் கழித்து ஒரு தடவை அதைக் குறித்துக்கொண்டால் உண்மை தெரிந்துவிடும். முதலாளி சொல்லும் கதைக்கும் மெஷின் சொல்லும் கதைக்கும் நடுவே அந்த நான்கு வாரம் பொறுமை வேண்டும். அதைத்தான் விற்பவர் பெரும்பாலும் தரமாட்டார். வேறொருவர் நாளைக்கே பணத்தோடு வருகிறார் என்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. விகிதம் தொழிலுக்கு அந்நியமானதல்ல. 12 மெஷின், ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு 60 டாலர் விற்பனை. வருடத்துக்கு 37,440 டாலர். சரக்கு வாங்கப் பாதி போய்விடும், மிச்சம் 18,720. இட கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 3,744 கழிந்து 14,976. பெட்ரோல், உதிரி பாகம், கார்டு கட்டணம், விற்பனை வரி, காலாவதியாகித் தூக்கி எறியும் மிட்டாய் என்று ஐயாயிரம் வைத்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 10,000 டாலர். சரக்கு வாங்கி, வண்டியில் அடுக்கி, இடம் இடமாகப் போய் நிரப்பி, காசை எண்ணி முடிக்க வாரத்தில் இரண்டு நாள், 16 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 832 மணி நேரம். மணிக்குக் கிடைப்பது 12 டாலர். இருபதாயிரம் கொடுத்து இந்த லைனை வாங்கியவர் வாங்கியது ஒரு பகுதி நேர வேலை. சொந்தப் பணம் கட்டி அந்த வேலையில் சேர்ந்திருக்கிறார்.

அது கேவலமில்லை. மேலதிகாரி இல்லாத வேலை, தன் நேரத்துக்குச் செய்யும் வேலை; அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. ஆனால் உழைக்காமல் வரும் வருமானம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கச்சிதமாகப் பிடித்துவைத்திருக்கிறது. எச்1பி விசாவில் போய் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். அந்த விசாவில் இருப்பவர் ஒரு தொழிலில் பணம் போடலாம். விசா கொடுத்த கம்பெனிக்கு வெளியே உழைக்கக் கூடாது. மெஷினுக்குச் சொந்தக்காரராக இருப்பதில் தவறில்லை. சனிக்கிழமை காலையில் போய்ச் சுருள்களில் சிப்ஸ் பொட்டலங்களை அடுக்கினால் அது வேலை, ஆகையால் மீறல். விளம்பரம் சொல்ல மறுப்பதைச் சட்டம் சொல்லிவிடுகிறது: பெட்டியை நிரப்புவது உழைப்பு.

நிரப்பும் கையைக் கண்ணிலிருந்து மறைப்பதில்தான் இந்தத் தொழிலின் கவர்ச்சியே ஆரம்பித்தது. ஹார்ன் அண்ட் ஹார்டார்ட் என்ற நிறுவனம் 1902இல் ஃபிலடெல்ஃபியாவில் ‘ஆட்டோமேட்’ என்ற உணவகத்தைத் திறந்தது. 1912இல் நியூயார்க்குக்கு வந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். 5 சென்ட் நாணயத்தைப் போட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும். உள்ளே ஒரு துண்டு பை (pie), ஒரு சாண்ட்விச். பரிமாற ஆளே இல்லாத ஹோட்டல் என்று ஊரே வியந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் பெண்கள் நின்றுகொண்டு காலியான அறைகளை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஆட்டோமேட் 1991இல் மூடப்பட்டது. இன்றைய வெண்டிங் மெஷினில் அந்தச் சுவரின் கனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பின்னால் நிற்பவர் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறார்; மற்ற ஆறு நாள் அவர் இருப்பதற்கான ஒரே தடயம் கதவில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர்: காசை விழுங்கிவிட்டதா, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

அந்த ஸ்டிக்கரைக் குறைத்து எடைபோடக் கூடாது. தொங்கும் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குக் கோபித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாததால் பெட்டியைப் பிடித்து உலுக்குகிறான். அமெரிக்காவில் அப்படி உலுக்கி, பெட்டி மேலே சரிந்து செத்தவர்கள் உண்டு. அதற்கென்றே சாய்க்காதீர்கள் என்ற எச்சரிக்கைப் படத்தை மெஷின்களில் ஒட்டினார்கள். ஒன்றேகால் டாலர் சண்டையைத் தீர்ப்பது அந்தத் தொலைபேசி எண்தான். கூப்பிட்டால் எடுத்து, பேரைக் கேட்டு, அடுத்த வாரம் வரும்போது ஓர் உறையில் காசைப் போட்டு வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டுப் போகிறவர் அந்தக் கட்டடத்தில் இருபது வருடம் நிற்பார். லைன் கைமாறும்போது பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுப் புதிய எண்ணை ஒட்டுவார்கள். உண்மையான பத்திரப்பதிவு அதுதான்.

நிற்க, ஆளைப் பற்றி எதுவும் பேசாமல் பெட்டியை மட்டும் விற்றுப் பணம் பார்த்தவர்களின் வரலாறும் இந்தத் தொழிலுக்கு உண்டு. ஹோட்டல் அறையில் கூட்டம் போட்டு, மெஷின் வாங்கினால் இடம் நாங்கள் பிடித்துத் தருகிறோம், வருமானத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பை வாங்கிக்கொண்டு மறைந்தவர்கள் ஏராளம். ஏற்கெனவே சேர்ந்து சம்பாதித்தவர் என்று தொலைபேசியில் புகழ்பாடக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். அமெரிக்க மத்திய வணிக ஆணையம் பல தடவை இவர்கள் மேல் வழக்குப் போட்டது. 1979இல் நடைமுறைக்கு வந்த கிளை உரிம (ஃபிரான்சைஸ்) விதி இப்படிப்பட்ட மெஷின் திட்டங்களையும் உள்ளடக்கியது. பிறகு இதற்கென்றே தனியாக வகுத்த விதி 2012 மார்ச் 1 முதல் திருத்திய வடிவில் அமலானது: கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது ஏழு நாள் முன்பே விற்பவர் தன்னைப் பற்றிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும், இவ்வளவு வருமானம் வரும் என்று சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லைனை வாங்குவது புது மெஷின் வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம் என்று அங்கே சொல்வதன் பின்னணி இந்த ஏமாற்று வரலாறுதான். குறைந்தபட்சம் யாரோ ஒருவர் சில வருடம் அந்த இடங்களில் சிப்ஸ் விற்றிருக்கிறார்.

பழைய மெஷினுக்கு இன்னொரு எதிரி உண்டு: காசு. 1965இல் வெள்ளி விலை ஏறியபோது அமெரிக்கா 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களிலிருந்து வெள்ளியை அறவே நீக்கியது. அப்போது நடுவில் செம்பும் இரண்டு புறமும் செம்பு-நிக்கல் கலவையும் வைத்த அடுக்கு நாணயத்தைத் தேர்ந்தார்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம், அதன் மின்தன்மை பழைய வெள்ளி நாணயத்தோடு ஒத்துப்போனது. நாடெங்கும் நின்ற வெண்டிங் மெஷின்கள் அதைச் செல்லாக்காசு என்று துப்பாது. ஓர் அரசு தன் நாணயத்தைச் சிப்ஸ் பெட்டிக்குப் பிடித்த மாதிரி வார்த்தது. இன்று நிலைமை தலைகீழ். கார்டு வாங்காத மெஷின் கணிசமான வியாபாரத்தை இழக்கிறது. கார்டு பொறியை மாட்டலாம் என்றால் பழைய மெஷினின் மூளை அதோடு பேசாது. 2022இல் அங்கே 3ஜி அலைவரிசைகளை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த பழைய கார்டு பொறிகள் செத்துப்போயின. ஜப்பானில் 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தபோது சின்ன முதலாளிகள் மெஷினுக்கு மெஷின் செலவழிக்க வேண்டி வந்தது. பணத்தின் உருவம் மாறும்போதெல்லாம் அதன் செலவு பழைய பெட்டி வைத்திருப்பவர் தலையில் விழுகிறது.

2020இன் கொரோனாப் பரவல் வேறொன்றையும் காட்டியது. அலுவலகக் கட்டடங்களில் நின்ற மெஷின்கள்தான் அதுவரை மதிப்பானவை: சம்பளம் வாங்கும் கூட்டம், ஏசி அறை, அடிதடி இல்லை. ஒரு மாதத்தில் அந்தக் கட்டடங்கள் காலியாயின. பெட்டியில் பழுதில்லை, மேலாளரோடு உறவில் குறையில்லை, ஒப்பந்தமும் அப்படியே இருந்தது. மாலை நாலு மணிக்கு எழுந்துபோய் ஒரு சாக்லேட் வாங்கும் பழக்கம்தான் வீட்டுக்குப் போய்விட்டது. தொழிற்சாலையிலும் மருத்துவமனையிலும் மெஷின் வைத்திருந்தவர்கள் ஒருவாறு தப்பித்தார்கள். லைன் என்று விற்பதும் வாங்குவதும் பிறருடைய பழக்கத்தை. அதை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

நம்மூர் லைனில் இந்த உண்மை பட்டவர்த்தனம். கேன் தண்ணீர் லைன் கைமாறினால் பழையவர் புதியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவார். “அக்கா, நாளையிலருந்து இவருதான் தண்ணி போடுவாரு. நம்ம ஆளுதான்.” அந்த ‘நம்ம ஆளு’தான் கைமாறும் சொத்து, அக்கா தலையசைத்தால் பதிவு முடிந்தது. பெட்டிக்கடை இருக்கும் ஊரில் வெண்டிங் மெஷின் ஏன் தழைக்கவில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கூலி மலிவான இடத்தில் ஆளை மறைக்க இவ்வளவு இரும்பு தேவைப்படவில்லை. பெட்டிக்கடைக்காரர் சில்லறை தருவார், கடன் தருவார், பேருந்து போய்விட்டதா என்பதையும் சொல்வார். மெஷின் முதலாளியும் உண்மையில் இதையெல்லாம் செய்கிறார்: இரவு ஷிஃப்ட்காரர்களுக்குக் காரம் பிடிக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறார், எந்தக் கட்டடத்தின் பின்கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று அறிவார், வரவேற்புப் பெண்ணின் பெயரை மறப்பதில்லை. வாங்க வந்தவரிடம் இவற்றைப் பட்டியல் போட்டுக் காட்ட அவருக்குத் தோன்றாததற்குக் காரணம், இதெல்லாம் வேலை என்று அவரே நினைத்ததில்லை.

ஆனாலும் சந்தை இதை ஒரு வழியாக எடை போட்டுவிடுகிறது. ஒரே மாதிரி மெஷின்கள், ஒரே மாதிரி வருமானம் காட்டும் இரண்டு லைன்கள் விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு மறுநாளே கிளம்புகிறார். இன்னொருவர் ஒரு மாதம் கூடவே வந்து, ஒவ்வொரு மேலாளரிடமும் அறிமுகப்படுத்தி, நிரப்பும்போது பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒப்புக்கொள்கிறார். தொழில் தெரிந்தவர்கள் இரண்டாவது லைனுக்குத் தயங்காமல் கூடுதல் விலை தருகிறார்கள். ஆளே தேவையில்லாத தொழில் என்று விற்கப்படும் ஒன்றில் ஓர் ஆளின் பெறுமானம் எவ்வளவு என்று கேட்டால், அந்த இரண்டு விலைகளையும் கழித்துப் பார்க்கலாம்.